கொரியா இரண்டு, தமிழ் எழுத்தில் ஒன்று

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கொரியத் தொடர்களைப் பற்றித் தங்கள் ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரை, 'தி கிங்: எடர்னல் மோனார்க்' தொடரில் யார் எந்த உலகத்தில் இருக்கிறார் என்றே பிடிபடவில்லை என்று சொல்லி ஒரே வரியில் கடந்துவிட்டது. தமிழ் வசன வரிகளை நம்பிப் பார்த்த பலருக்கும் இதே குறை இருக்கிறது. குழப்பம் உண்மைதான். ஆனால் அதில் பெரும்பங்கு கதையால் வந்ததல்ல. கொரிய மொழியிலிருந்து ஆங்கிலத்துக்குப் போய், அங்கிருந்து தமிழுக்கு வருகிற வழியில் சில சொற்கள் உதிர்ந்துவிட்டன. உதிர்ந்தவற்றை எடுத்து வைத்துக்கொண்டு பார்த்தால் தொடரின் முக்கால்வாசி தெளிவாகவே இருக்கிறது. மீதிக் கால்வாசியில் உள்ள பிழை எழுத்தாளருடையது. அதையும் கடைசியில் சொல்கிறேன்.

பார்க்காதவர்களுக்காகச் சுருக்கம். தென்கொரியாவின் எஸ்பிஎஸ் தொலைக்காட்சியில் 2020 ஏப்ரல் 17 முதல் ஜூன் 12 வரை வெள்ளி, சனி இரவுகளில் வந்த 16 பகுதித் தொடர் இது. வெளிநாடுகளில் நெட்ஃபிளிக்ஸ் வெளியிட்டது. எழுதியவர் கிம் உன்-சுக். புதுயுகம் தொலைக்காட்சி தமிழ்க் குரலோடு கொரியத் தொடர்களைக் காட்டிய நாளிலிருந்தே நம் வீடுகளுக்கு அறிமுகமான லீ மின்-ஹோ, கொரியா இன்றும் பேரரசாகவே இருக்கும் ஓர் இணை உலகின் பேரரசர் லீ கோனாக வருகிறார். கிம் கோ-உன் நடித்த ஜொங் தே-உல், நாம் அறிந்த தென்கொரியாவில் காவல் துறை அதிகாரி. கதையின் முடிச்சுகளை இக்கடிதம் அவிழ்த்துவிடும் என்பதால், புதிதாகப் பார்க்கவிருப்பவர்கள் பார்த்துவிட்டுப் படிப்பது நல்லது.

முதல் சிக்கல் நாட்டின் பெயரிலேயே தொடங்குகிறது. கொரிய மொழியில் இரண்டு உலகங்களுக்கும் ஏறக்குறைய ஒரே பெயர். ஒன்று தேஹன்-மின்குக், மற்றது தேஹன்-ஜெகுக். 'குக்' என்றால் நாடு. 'மின்' மக்களைக் குறிக்கும், 'ஜெ' பேரரசரைக் குறிக்கும். ஓர் அசை மாறினால் உலகமே மாறிவிடும். கேட்கிறவர் காதுக்கு அந்த ஓர் அசை போதும். ஆங்கிலத்தில் இதைக் காட்ட ஓர் எழுத்து வித்தை செய்தார்கள். குடியரசுக்கு வழக்கமான 'கே' எழுத்தில் தொடங்கும் கொரியா, பேரரசுக்கு 'சி' எழுத்தில் தொடங்கும் கொரியா. ஆங்கிலம் படிக்கிறவர் கண்ணுக்கு அது தெரிந்துவிடும். தமிழில் எழுதும்போது 'கே'யும் 'சி'யும் ஒரே 'கொ'வில் வந்து விழுகின்றன. திரையில் இரண்டு நாடு, வரியில் ஒரே கொரியா. பார்ப்பவர் குழம்பாமல் என்ன செய்வார்?

கொரிய மூலத்தைக் கையில் வைத்துக்கொண்டு மொழிபெயர்த்திருந்தால் இந்தச் சங்கடமே இல்லை. குடியரசு, பேரரசு என்ற சொற்கள் நம்மிடம் தயாராக இருக்கின்றன. பின்பாதி ஒன்றாகவும் முன்பாதி மட்டும் வேறாகவும் இருக்கும் இந்த இணை, மின்குக்-ஜெகுக் இணைக்கு அளவெடுத்துத் தைத்தது போலப் பொருந்துகிறது. ஆங்கிலத்தைவிடத் தமிழ் இங்கே வசதியான மொழி. அந்த வசதியைக் கைவிட்டு ஆங்கில எழுத்து வித்தையை நகலெடுத்தது வீண் இழப்பு. போதாததற்கு ஆங்கில வடிவம் பேரரசை 'கிங்டம்' என்று எழுதியதால் தமிழில் அது முடியாட்சி, ராஜ்ஜியம் என்று வேறு வேறு பெயர் எடுக்க இடமாகிறது. லீ கோன் வெறும் மன்னர் அல்ல, ஹ்வாங்ஜே, அதாவது பேரரசர். அரண்மனையில் அவரை 'பெஹா' என்று விளிக்கிறார்கள். மன்னராக இருந்தால் 'ஜொன்ஹா' என்றிருக்கும். கொரிய வரலாற்றுத் தொடர் பார்த்துப் பழகிய காதுக்கு அந்த ஒரு விளியே இது வேறு வரலாறு என்று சொல்லிவிடும்.

அந்த வேறு வரலாறும் காற்றில் கட்டியதல்ல. கொரியாவை ஆண்ட ஜோசொன் அரச மரபில் சோஹ்யொன் என்ற பட்டத்து இளவரசர் இருந்தார். சீனாவின் சிங் அரசிடம் பணயமாகப் பல ஆண்டுகள் இருந்து திரும்பி, 1645இல் அரியணை ஏறாமலே இறந்தார். அவர் இறக்காமல் ஆட்சிக்கு வந்திருந்தால் என்ற கேள்வியில்தான் இரண்டு உலகங்களும் பிரிகின்றன. பேரரசு உலகில் அரச மரபு அறுபடவில்லை, நாடு வடக்கு தெற்கு என்று உடையவும் இல்லை, பேரரசரின் தலைமை அரண்மனை புசானில் இருக்கிறது. தேஹன்-ஜெகுக் என்ற பெயரும் கற்பனை அல்ல. 1897 முதல் 1910இல் ஜப்பான் விழுங்கும் வரை கொரியாவின் பெயரே அதுதான். கொரியப் பார்வையாளருக்கு அந்தச் சொல்லைக் கேட்டதும் பதின்மூன்றே ஆண்டுகளில் முடிந்துபோன ஒரு நாடு நினைவுக்கு வருகிறது. அரண்மனை எங்கும் காணப்படும் பூச்சின்னம் அரச குடும்பத்தின் 'லீ' என்ற குலப்பெயரிலிருந்து வந்தது. அதைக் குறிக்கும் சீன எழுத்துக்குப் பிளம் மரம் என்று பொருள். இவ்வளவு கனமான நினைவோடு விளையாடும் தொடர் என்பதால்தான், தொடக்கக் காட்சியில் வந்த மரக் கோபுரம் ஜப்பானியக் கோயிலை ஒத்திருக்கிறது என்று முதல் வாரத்திலேயே கொரியாவில் கண்டனம் எழுந்தது. தயாரிப்பாளர்கள் மன்னிப்புக் கேட்டு அந்தப் படத்தை மாற்றினார்கள்.

அடுத்து, இரண்டு உலகங்களுக்கும் நடுவே கதவைத் திறக்கும் புல்லாங்குழல். இதை எழுத்தாளரின் மாயப் பொருள் என்று தங்கள் கட்டுரை குறிப்பிட்டது. அது திருத்தப்பட வேண்டும். மன்பசிக்ஜொக் என்ற அந்தக் குழல் 13ஆம் நூற்றாண்டில் இர்யொன் என்ற பௌத்தத் துறவி தொகுத்த 'சம்குக் யூசா' நூலில் இருக்கிறது. பெயருக்குப் பொருள், பதினாயிரம் அலைகளை அடக்கும் குழல். பழைய கொரிய நாடான சில்லாவின் மன்னர் முன்மு 681இல் இறந்து, நாட்டைக் காக்கக் கடல் நாகமானார் என்பது ஐதீகம். அவர் மகன் சின்முன் காலத்தில் ஒரு சிறு மலை கடலில் மிதந்து வருகிறது. அதன் மேல் நிற்கும் மூங்கில் பகலில் இரண்டாகப் பிரிகிறது, இரவில் ஒன்றாகச் சேர்கிறது. காரணம் கேட்ட மன்னரிடம் நாகம் சொல்லும் விளக்கம் நமக்கு அந்நியமானதே அல்ல. ஒரு கை தட்டினால் ஓசை வராது, இரு கை சேர்ந்தால்தான் வரும், இந்த மூங்கிலும் அப்படியே என்கிறது. அந்த மூங்கிலில் செய்த குழலை ஊதினால் பகைவர் பின்வாங்குவர், நோய் தீரும், வறட்சியில் மழை வரும். அதை வைத்துப் பாதுகாத்த கருவூலத்தின் பெயர் சொன்ஜொன்கோ. தொடரின் முதல் பகுதியில் கொலைகள் நடக்கும் மண்டபத்துக்கும் அதே பெயர்தான்.

நாகம் சொன்ன அந்த ஒரு வாக்கியம்தான் 16 பகுதிகளுக்கும் சாவி. 1994 குளிர்கால இரவில், அப்போதைய பேரரசரான லீ கோனின் தந்தையை, அவருடைய மாற்றாந்தாய் வயிற்று அண்ணன் லீ லிம் குழலுக்காகக் கொல்கிறான். சிறுவன் லீ கோன் கீழே கிடந்த வாளை எடுத்து வீசுகிறான், குழல் இரண்டாகிறது. அந்த வாளும் சும்மா வைத்ததல்ல. சாயின்கொம் என்பது புலி ஆண்டு, புலி மாதம், புலி நாள், புலி நாழிகை நான்கும் கூடும்போது செய்யப்படும் ஜோசொன் கால வாள். புலி ஆண்டு 12 ஆண்டுகளுக்கு ஒருமுறைதான் வரும். தீமையை வெட்டும் வாள் என்று அதை நம்பினார்கள். இப்போது ஆளுக்கொரு பாதி. பாதிக் குழல் இரண்டு உலகங்களுக்கு நடுவே உள்ள கதவை மட்டும் திறக்கும். இரண்டு பாதியும் ஒரு கையில் சேர்ந்தால் காலத்தையும் திறக்கும். மூலக் கதையின் மூங்கிலை நினைவில் வைத்திருப்பவருக்கு இந்த விதி தானாகவே மனதில் நிற்கும். வசன வரியில் வெறும் 'மாயக் குழல்' என்று வந்தால் எதுவும் நிற்காது.

யார் கையில் எந்தப் பாதி என்பதைக் கண்ணால் பின்தொடர இரண்டு பொருள்கள் உண்டு. லீ கோனின் பாதி குதிரைச் சவுக்குக்குள் இருக்கிறது. லீ லிம்மின் பாதி குடைக்குள். சவுக்கும் குடையும் எந்தக் கையில் இருக்கின்றன என்று மட்டும் கவனித்தால், யார் கதவைக் கடக்க முடியும், யார் முடியாது என்பது வசனமே இல்லாமல் புரியும். இடி மின்னலின்போது சிலருடைய தோளிலும் கழுத்திலும் மின்னல் வடிவில் ஒளிரும் தழும்பு, அவர்கள் கதவைக் கடந்தவர்கள் என்பதற்கு அடையாளம். கதவுக்குள் இருக்கும் இடைவெளியில் காற்று இல்லை, வெயில் இல்லை, காலம் ஓடுவதில்லை. அங்கே விட்ட பலூன் அப்படியே நிற்கிறது. 25 ஆண்டுகள் கழிந்தும் லீ லிம்முக்கு வயது ஏறாததன் காரணம் அந்த இடம்தான். உலகம் உறைந்து நிற்கும் நேரங்களும் ஒப்பனைக் காட்சிகள் அல்ல. ஒரு பாதி கதவைக் கடக்கும்போது காலம் நிற்கிறது, மற்றப் பாதியை வைத்திருப்பவன் மட்டும் அசைகிறான். ஆகவே எல்லாரும் சிலையாகி லீ கோன் மட்டும் நடந்தால், அதே கணத்தில் எங்கோ லீ லிம் கதவைக் கடக்கிறான் என்று பொருள்.

இனி பேச்சு. என் பார்வையில் பெரிய இழப்பு இங்கேதான். ஊ டோ-ஹ்வான் இரட்டை வேடம் செய்கிறார். பேரரசில் மெய்க்காப்பாளர் தலைவன் ஜோ யொங், குடியரசில் ஜோ உன்-சொப். யொங் பேசுவது சுருக்கமான, விறைப்பான அரண்மனைத் தரமொழி. உன்-சொப் பேசுவது தென்கிழக்கு கியொங்சாங் வட்டார வழக்கு, வாய் ஓயாத துள்ளலோடு. இருவரும் இடம் மாறி ஒருவராக மற்றவர் நடிக்கும் கட்டத்தில், உன்-சொப் வாயை அடக்கிக்கொண்டு தரமொழி பேசத் திணறுவதுதான் காட்சியின் உயிர். ஆங்கில வரியில் இருவரும் ஒரே மாதிரி பேசுகிறார்கள். அதை அப்படியே தமிழாக்கினால் சிரிப்பும் போகும், ஆளைக் கண்டுபிடிக்கும் துப்பும் போகும். 'நான் இப்போது வர இயலாது' என்பதற்கும் 'இப்ப எங்க வர்றது' என்பதற்கும் உள்ள தூரம் தமிழில் எந்தக் குழந்தைக்கும் தெரியும். உன்-சொப்பை நெல்லைக்காரராகவோ கோவைக்காரராகவோ ஆக்கத் தேவையில்லை, ஆக்கவும் கூடாது, கியொங்சாங் கியொங்சாங்காகவே இருக்கட்டும். யொங்குக்கு எழுத்துத் தமிழ், உன்-சொப்புக்குப் பேச்சுத் தமிழ் என்று பிரித்தாலே போதும்.

லீ கோன் தே-உலை விளிக்கும் சொல்லும் அப்படித்தான். 'ஜானே' என்கிறார். பெரியவர் தமக்குக் கீழே உள்ள வளர்ந்தவரை மரியாதை குறையாமல் அழைக்கும் பழைய சொல், இன்றைய இளைஞர் வாயில் வராதது. நம் 'நீர்' அதற்கு மிக அருகில் நிற்கிறது. முன்பின் தெரியாத ஒருவன் நடுச்சாலையில் குதிரையோடு வந்து நின்று காவல் அதிகாரியை 'நீர்' என்று அழைத்தால், அவர் எரிச்சல்படுவது ஏன் என்று விளக்கம் தேவையில்லை. ஆங்கில 'யூ'வில் அந்த வயதும் இல்லை, பதவியும் இல்லை. அதை 'நீங்கள்' என்று தமிழாக்கினால் லீ கோன் பணிவானவராகிறார், 'நீ' என்றால் திமிர் பிடித்தவராகிறார். இரண்டும் அவரல்ல. அவருடைய பெயரை அவர் நாட்டில் எவரும் வாய்விட்டுச் சொல்லக்கூடாது என்பது கதையில் முக்கியம், தே-உல் அதைச் சொல்லி அழைக்கும் இடம் காதல் காட்சிக்கே சமம். வசன வரியில் மற்றவர்களும் 'பேரரசர் கோன்' என்று வசதிக்காகச் சேர்த்துக்கொண்டால் அந்தக் காட்சி செத்துவிடும். (கோன் என்ற சொல் தமிழில் அரசனைக் குறிப்பது தற்செயல் ஒலி ஒற்றுமை. இதை வைத்து மொழி உறவுக் கட்டுரை எழுத யாரும் கிளம்ப வேண்டாம் என்று அக்கறையோடு கேட்டுக்கொள்கிறேன்.)

ஒரே முகம் கொண்ட மறு உலகத்தவரை 'இரட்டையர்' என்று எழுதுவதும் தவறு. இரட்டையர் என்றால் ஒரே வயிற்றில் பிறந்தவர்கள். தே-உலின் முகத்தோடு பேரரசில் திரியும் லூனாவுக்கும் தே-உலுக்கும் எந்த உறவும் இல்லை. 'மறு உலகத்துத் தே-உல்' என்று நீட்டிச் சொன்னாலும் சரியாகவே இருக்கும். இது வெறும் சொல் தகராறு இல்லை. லீ லிம்மின் திட்டம் முழுவதும் இதில் அடங்கியிருக்கிறது. ஓர் உலகில் துன்பப்படுபவரைப் பிடித்து, மறு உலகில் அதே முகத்தோடு நல்ல வாழ்க்கை வாழ்பவரை அப்புறப்படுத்தி, அந்த இடத்தில் இவரை வைத்துத் தன் ஆளாக்குவதே அவன் வழி. தே-உலின் சக அதிகாரி காங் ஷின்-ஜே அப்படிச் சிறுவயதில் பேரரசிலிருந்து கொண்டுவந்து வைக்கப்பட்டவர்தான். தெரியாத ஒரு நாட்டின் துக்க ஊர்வலம் அவர் நினைவில் வருவது அதனால்தான்.

வசன வரி எழுதுவோரின் நெருக்கடியும் எனக்குத் தெரியாததல்ல. திரையில் இரண்டு வரிக்கு மேல் கூடாது. நெட்ஃபிளிக்ஸ் விதிப்படி ஒரு வசனத் துண்டு ஏழு நொடிக்கு மேல் நிற்கக் கூடாது, ஆறில் ஐந்து பங்கு நொடிக்குக் குறையவும் கூடாது. தமிழ்ச் சொற்கள் நீளமானவை. மூல வசனத்தை ஆங்கில வார்ப்பாக்கி, அதிலிருந்து மற்ற மொழிகளுக்குப் பிரிப்பது இத்துறையில் பரவலான வழக்கம், செலவும் நேரமும் குறையும் என்பதால். ஆனால் நான் மேலே கேட்டவை எதுவும் வரியை நீட்டுவதில்லை. 'நீர்' என்பது 'நீங்கள்' என்பதைவிடக் குறுகியது. 'பேரரசு' என்பது 'கொரிய ராஜ்ஜியம்' என்பதைவிடக் குறுகியது. தேவைப்படுவது வேலை தொடங்கும் முன் தயாரிக்கும் ஒரு பக்கக் குறிப்பு மட்டுமே. யார் யாரை எப்படி அழைக்கிறார், எந்த உலகுக்கு எந்தச் சொல், யார் எந்த வழக்கில் பேசுகிறார் என்று கொரிய மொழி தெரிந்த ஒருவர் எழுதித் தர வேண்டும். 16 பகுதிகளைப் பல மொழிபெயர்ப்பாளர்கள் பங்கிட்டுக்கொள்ள நேரும்போது இந்தக் குறிப்பு இல்லாவிட்டால், 5ஆம் பகுதியில் 'நீர்' என்றவர் 6ஆம் பகுதியில் 'நீ' என்பார்.

அடையாள அட்டை விஷயத்தில் தொடரைக் குறை சொல்வது நியாயமில்லை. 1994 இரவில் சிறுவனைக் காப்பாற்றியவர் விட்டுச் சென்ற அட்டை தே-உலுடையது, அதில் உள்ள வழங்கிய நாள் 2019 நவம்பர் 11. லீ கோன் அவரை முதலில் சந்திக்கும்போது அந்த நாள் இன்னும் வரவேயில்லை. அட்டை எங்கிருந்து முளைத்தது என்ற கேள்விக்கு விடை சுத்தமாக இருக்கிறது. 2019இல் அச்சாகிறது, வளர்ந்த லீ கோனோடு 1994க்குப் போகிறது, அங்கே சிறுவனிடம் 25 ஆண்டுகள் இருக்கிறது, மீண்டும் 2019ஐ அடைகிறது. சிறுவனைக் காப்பாற்றியது அவனேதான். பிறப்பிடம் இல்லாத பொருள் என்று எதுவும் இதில் இல்லை.

பிழை முடிவில்தான். அட்டை வட்டம் சொல்லும் விதி, நடந்தது நடந்தே தீரும், கடந்த காலத்துக்குப் போனவரும் ஏற்கெனவே நடந்ததையே நடத்துகிறார் என்பது. கடைசிப் பகுதிகளில் லீ கோன் மீண்டும் 1994க்குப் போய் லீ லிம்மை அங்கேயே முடித்துவிடுகிறார், 25 ஆண்டுகள் வேறு விதமாக எழுதப்படுகின்றன. இது நேர் எதிரான விதி. ஒரே கதையில், ஒரே இரவின் மீது, இரண்டையும் பயன்படுத்தினால் கவனமாகப் பார்த்து வந்தவர்தான் முதலில் தடுமாறுவார். தே-உலின் நினைவு மட்டும் அழியாததற்கு, அவர் அந்த நேரத்தில் காலம் ஓடாத இடைவெளியில் இருந்தார் என்ற விடை ஏற்கத்தக்கது. விதி மாறியதற்கு விடையே இல்லை. 2016இல் எம்பிசி ஒளிபரப்பிய 'டபிள்யூ' தொடரிலும் இரண்டு உலகங்கள், ஒன்று நிஜம், மற்றது இணையச் சித்திரக் கதை. அங்கே நாயகி எப்போது உள்ளே இழுக்கப்படுகிறாள், எப்போது வெளியே வருகிறாள் என்பதைப் பாத்திரங்களே சோதித்துக் கண்டுபிடிப்பதால் நமக்கும் பிடி கிடைக்கிறது. கிம் உன்-சுக் விதிகளைக் காட்சிக்குள் ஒளித்து வைக்கிறார். அழகுதான், ஆனால் மாற்றும்போது சொல்லிவிட்டு மாற்றியிருக்க வேண்டும்.

கதை திடீரென நின்று காபி, கிம்ச்சி, முகத்தில் தேய்க்கும் பசைக்குச்சி, பொரித்த கோழி என்று போகும் இடங்கள் பற்றியும் கேட்கிறார்கள். அவை காசு கொடுத்துச் செருகப்பட்ட பொருள்கள். கொரியாவில் 2010 முதல் இதற்கு அனுமதி உண்டு. இந்தத் தொடர் வந்த 2020இல் எஸ்பிஎஸ் போன்ற அலைவரிசைகளுக்கு, நிகழ்ச்சி நேரத்தில் 5 சதவீதத்துக்கும் திரையில் கால் பங்குக்கும் மிகக் கூடாது என்ற வரம்பு இருந்தது. அரண்மனையும் மாயக் குழலும் எடுக்கச் செலவு அதிகம், எனவே செருகலும் அதிகம். எஸ்பிஎஸ் போன்ற தரைவழி அலைவரிசைகளுக்கு அப்போது இடைவேளை விளம்பர உரிமை இல்லாததால் (2021 ஜூலையில்தான் கிடைத்தது) ஒரு பகுதியையே துண்டுகளாக வெட்டி இடையில் விளம்பரம் போட்டார்கள். செயலியில் எல்லாம் ஒட்டி வருவதால் நடுவே காரணமில்லாத உச்சக்கட்டம் போலத் தோன்றுகிறது. முதல் வாரத்தில் 11 சதவீதத்தைத் தாண்டிய பார்வையாளர் விகிதம் பிறகு ஒற்றை இலக்கத்துக்கு இறங்கியது.

தங்கள் நாளிதழிடம் ஒரு வேண்டுகோள். கொரியத் தொடர் பற்றி எழுதும்போது பெயர்களை ஆங்கில எழுத்தைக் கூட்டிப் படித்து எழுதாமல், கொரிய உச்சரிப்பைக் கேட்டு எழுதச் சொல்லுங்கள். 'டே-யூல்' அல்ல, தே-உல். இந்தத் தொடரைப் பற்றி மீண்டும் எழுத நேர்ந்தால் கொரியா என்று தனியாக எழுதாமல் குடியரசு, பேரரசு என்று பிரித்து அச்சிடுங்கள். சம்குக் யூசா பற்றிய திருத்தத்தை வரும் ஞாயிறு இணைப்பிலேயே வெளியிட்டால் நன்றியுடையவளாவேன். அயுத்த நாட்டிலிருந்து கொரியா சென்றதாகச் சொல்லப்படும் இளவரசியின் கதைக்காக நம் ஏடுகள் அடிக்கடி மேற்கோள் காட்டும் நூல் அதுவேதான்.

இப்படிக்கு,
தங்கள் வாசகி,
திருச்சிராப்பள்ளி.